இருபத்து மூன்று பேர்

2008 ஜனவரியில், ஜெர்சி சிட்டியில் நான் கான்ட்ராக்டராக இருந்த வங்கியில் ஆட்குறைப்பு வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. வேலை போனால் விசாவும் போகும். எனக்கு எல்லோர் மேலும் சந்தேகம்.

பக்கத்து இருக்கை க்வாமே, கானா நாட்டுக்காரன், அடிக்கடி செல்போனோடு படிக்கட்டுப் பக்கம் போனான். ஒருநாள் கதவோரம் நின்று ஒட்டுக்கேட்டேன்.

"இருபத்து மூணு பேரைத்தான் வச்சுப்பாங்க. மத்தவங்க வெளிய. சாயங்காலம் ஃபைனல் லிஸ்ட் வந்துடும்."

உடனே மனைவிக்குப் போன் செய்தேன். "எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே கமுக்கமா இருக்கான் பாரு!"

"நேராவே கேட்டுடுங்களேன்" என்றாள்.

மாலையில் அவன் படியில் தனியே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். நான் விடவில்லை.

"லிஸ்ட்ல என் பேர் இருக்கா? மறைக்காம சொல்லு."

அவன் குழப்பத்தோடு நிமிர்ந்தான். "எங்க நாட்டு ஃபுட்பால் டீம் லிஸ்ட். ஆப்பிரிக்கக் கோப்பைக்கு. என் தம்பியை எடுக்கல."

"அப்போ ஆபீஸ் லிஸ்ட் இல்லையே?" சந்தோஷத்தில் என் குரல் படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது.

"இல்ல, நீ பயப்படாதே" என்று கண்ணைத் துடைத்தபடி எனக்கு ஆறுதல் சொன்னான்.

அவன் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்கு மறுநாள்தான் தோன்றியது.