குதிரை லாயத்தில் பிறந்த குருமடம்

"க்ஹும்!"

பக்கத்து அறையிலிருந்து வந்த அந்த இருமல் வாசல்காரரின் நெஞ்சில் ஈட்டியாகப் பாய்ந்தது. அவர் சொன்ன கதையில் நடுக்கடலில் கவிழ்ந்துகொண்டிருந்த கப்பலோடு அவருடைய பேச்சும் பாதியில் நின்றது.

"அப்புறம் என்னாச்சுண்ணே? குருமடத்தை ஆரம்பிச்ச சாமி நீந்தியா கரை சேர்ந்தாரு?" என்று கேட்டாள் சுற்றிப் பார்க்க வந்த பெண். அவள் கண்களில் அதற்குள் நீர் கோத்திருந்தது. கூட வந்த கணவரோ வெளியே போகும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருமியவர், பாதிரியாராகப் போகிறவர்கள் படிக்கும் அந்தக் குருமடத்தின் அதிபர் சாமி. காலையிலேயே கறாராகச் சொல்லியிருந்தார். "இன்னைக்கு நான் அடுத்த அறையில உட்கார்ந்து கேட்கப் போறேன். இந்த இடம் எப்படி ஆரம்பிச்சதுன்னு உள்ளது உள்ளபடி சொல்லுப்பா. கப்பல், புயல், கொள்ளைக்காரன்னு ஏதாவது கிளப்பினே, நாளையிலேர்ந்து உனக்குத் தோட்ட வேலைதான்."

தோட்டம்! ஓடு மாற்றும் வேலைக்குச் சிற்றாளாக இந்த வளாகத்துக்குள் வந்தவர் வாசல்காரர். வேலை முடிந்த பிறகும் போக மனமில்லாமல் வாசலிலேயே ஒட்டிக்கொண்டார். குருமாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ரேடியோ'. வீட்டில் மனைவியும் மூன்று மகள்களும் பேசி முடித்த பிறகு அவருக்கு மிச்சம் கிடைப்பது ஒரு 'உம்' மட்டும்தான். வாய்விட்டுப் பேசவும், கேட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவும், இந்த வாசலுக்கு வருகிறவர்களை விட்டால் பாவம், அவருக்கு யார் இருக்கிறார்கள்? கத்திரிச் செடியிடமா போய்க் கதை சொல்வார்?

மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கப்பலைக் கைவிட்டார்.

"கப்பலும் இல்லை, கிப்பலும் இல்லைம்மா. சாமி கட்டைவண்டியில வந்தாரு. இடம் கேட்டாரு, யாரும் தரலை. கடைசியில ஒருத்தர் தன்னோட குதிரை லாயத்தைக் கொடுத்தாரு. ஆனா குதிரையை அவுத்துட்டுப் போகலை! இந்தப் பக்கம் நாலு பசங்க லத்தீன் படிச்சாங்க, அந்தப் பக்கம் அது புல்லு தின்னுச்சு. இதோ, அதைக் கட்டின இரும்பு வளையம்."

இருமல் வரவில்லை. அத்தனையும் சத்தியமான உண்மை.

கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏங்க, புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணாமா? சாமியாருக்குப் படிக்கிற இடத்துல குதிரையாம்! கப்பலாவது நம்புற மாதிரி இருந்துச்சு."

"ஆமாண்ணே, கப்பல்தான் மனசை என்னமோ பண்ணுச்சு. இது நல்லாயில்லை" என்று அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாசல்காரர் துடித்துப்போனார். அதிசயமாக உண்மை பேசிய மனிதனுக்கு இதுதானா பரிசு!

படாரென்று பக்கத்து அறைக் கதவு திறந்தது. முகம் சிவக்க வந்து நின்றார் அதிபர் சாமி. "குதிரை நிஜம்தாங்க. நான் பொறுப்பா சொல்றேன்."

"நீங்களும் கூட்டா, சாமி?" என்றார் கணவர்.

சாமிக்கு அது பொறுக்கவில்லை. "அதைச் சாதாரணக் குதிரைன்னு நினைச்சீங்களா? ஜெப மணி அடிச்சா..." ஒரு கணம் தயங்கினார். எதிரே அந்தப் பெண்ணின் கண்கள் அகல விரிந்தன. அப்படிப்பட்ட கண்களைப் பார்த்த பிறகு யாரால் நிறுத்த முடியும்? "...முன்னங்காலை மடக்கி மண்டி போட்டுடும்!"

"ஐயோ, என் செல்லமே!"

"குருமடத்தை ஆரம்பிச்ச சாமி கண்ணை மூடின அன்னைக்கு..." அதிபர் இரும்பு வளையத்தைக் காட்டினார். "புல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கலைம்மா அது."

அவள் விம்மினாள். கணவர் மெல்லப் போய் இரும்பு வளையத்தைத் தடவினார். அப்புறம் கைக்குட்டையைத் தேடினார்.

வாசல்காரர் அந்தக் கைக்குட்டையையே பார்த்தார். எத்தனை கப்பல்களை மூழ்கடித்திருப்பார்! கூட வந்த ஒரு கணவனாவது கைக்குட்டையைத் தொட்டதுண்டா? சாமி ஒற்றைக் குதிரையை வைத்துச் சாதித்துவிட்டாரே! இனி இந்த வாசலில் தனக்கு என்ன மதிப்பு?

அவர் பயந்தபடியே ஆயிற்று. "ஞாயித்துக்கிழமை என் நாத்தனாரையும் கூட்டிட்டு வர்றேன். நீங்கதான் சொல்லணும், சாமி" என்றாள் அந்தப் பெண், வாசற்படியில் நின்றபடி.

"தாராளமா வாங்கம்மா! அந்தக் குதிரை ஒரு குட்டி போட்டதை இன்னும் நான் சொல்லவே..."

"சாமிக்கு ஞாயித்துக்கிழமை தலைக்கு மேல வேலைம்மா! நான் இருக்கேன்ல, நான் சொல்றேன்!" என்று குறுக்கே புகுந்த வாசல்காரர் இருவரையும் படியிறக்கிவிட்டு, குட்டி வெளியே வருவதற்குள் கதவை இழுத்துச் சாத்தினார்.