பதினோராவது கிராஸ்

ஜகதாம்பாள் பெங்களூர் ஆஸ்டின் டவுன் பக்கம், பத்தாவது கிராஸ் என்கிற குறுக்குத் தெருவில் நான்கு வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கிறாள். குடியிருப்பது அந்தத் தெருவை ஒட்டி, மாட்டுக்கொட்டாய் என்கிற எங்கள் குடியிருப்பில். மாடுகள் போய் நாற்பது வருஷமாகியும் பெயர் மட்டும் போகவில்லை. 1999-இல் அரசாங்கத்தார் குடிசைகளை இடித்து மூன்று மாடி வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். புதுப் பெயரை மக்களே சொல்லட்டும் என்று கூட்டமும் போட்டார்கள்.

மக்கள் சொன்னார்கள். ஒரு தலைவர், இரண்டு சாமி, ஒரு மாதா, ஒரு நடிகர். என் பக்கத்து வீட்டு டொமினிக் தன் தகப்பனார் பெயரைச் சொன்னார். அவர் செய்த பொதுச்சேவை என்னவென்று கேட்டதற்கு, இங்கேதான் செத்தார் என்றார். அதிகாரி கிருஷ்ணப்பா அதையும் எழுதிக்கொண்டார்.

ஜகதாம்பாளுக்கு யார் பெயரும் வேண்டாம். மகள் உஷா பி.காம். முடித்து மூன்று இன்டர்வியூவுக்குப் போயிருந்தாள். மூன்றிலும் விலாசத்தில் மாட்டுக்கொட்டாய் என்று படித்துவிட்டு ஒரு மாதிரி பார்த்து, சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். சொல்லியனுப்பவில்லை. பெங்களூரில் பாதித் தெருவுக்கு நம்பர்தானே பெயர், நமக்கும் பதினோராவது கிராஸ் என்று வைத்துவிடுங்கள் என்றாள் ஜகதாம்பாள். அதில் சண்டை போட யாருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. எல்லோரும் கை தூக்கிவிட்டோம்.

அடுத்த கூட்டத்துக்குப் பத்தாவது கிராஸ் சங்கத்துச் செயலாளர் சேஷகிரி ஆட்சேப மனுவோடு வந்தார். கிராஸ்கள் பத்தோடு முடிகின்றனவாம். முன்பின் தெரியாதவர்களைத் தங்கள் வரிசையில் சேர்த்தால் பாதுகாப்பு இருக்காதாம். அவர் வீட்டம்மா மைசூர் போயிருந்ததால், வாசிக்கிற நேரத்தில் அவர் வீட்டுச் சாவி ஜகதாம்பாள் முந்தானையில் முடிந்திருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதில் உண்டா என்று கிருஷ்ணப்பா கேட்டார். ஜகதாம்பாள் எழுந்தாள்.

"பன்னெண்டு வருஷமா உங்க வூட்ல வேல செய்றேன் சார். நான் எங்க இருக்கேன்னு ஒரு நாளும் நீங்க கேக்கல. எம் பொண்ண எல்லாரும் கேக்கறாங்க."

சேஷகிரி மனுவை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார். இன்னும் ஆட்சேபம் உண்டா என்று கிருஷ்ணப்பா இரண்டாம் தரம் கேட்டபோது அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தீர்மானம் நிறைவேறியது.

மறு மாதம் உஷா நான்காவது இன்டர்வியூவுக்குப் போனாள். விலாசத்தை யாரும் நின்று படிக்கவில்லை. நேரே பாடத்தில் கேள்வி கேட்டார்கள். இரண்டுக்குப் பதில் தெரியவில்லை, வேலை கிடைக்கவில்லை.

"பதில் தெரியலன்னுதான் வேணாம்னாங்களாம்" என்று ஜகதாம்பாள் மூன்று மாடியும் ஏறி வீடுவீடாகச் சொன்னாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.