தயிர் டப்பாவில் மஞ்சள் சிறகு

ஃப்ரிட்ஜில் வைத்தால் என்ன என்று தோன்றியபோது எனக்கு ஒன்பது வயது. கையில் ஒரு தயிர் டப்பா, அதற்குள் படபடத்துக்கொண்டு ஓர் அந்துப்பூச்சி. குளிரில் பூச்சிகள் அசையாமல் உட்காரும் என்று என் புத்தகத்தில் போட்டிருந்தது.

புத்தகம் அத்தாவின் தம்பி, லண்டன் சாச்சா, கொடுத்தது. பிரிட்டன் அந்துப்பூச்சிகளைப் பற்றியது. நாங்கள் இருந்ததோ அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில். அந்த வித்தியாசத்தை நான் பொருட்படுத்தவில்லை. காலையில் மாடிப்படி விளக்கடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளுக்கெல்லாம் அதிலிருந்தே பெயர் வைத்துவந்தேன்.

"இட்ஸ் எ பிரிட்டிஷ் புக், லூசு. இதுக்கெல்லாம் விசா யாரு குடுத்தா?" என்பான் அண்ணன்.

ஆனால் இந்தப் பூச்சி நிஜமாகவே பொருந்தியது. பழுப்பு முன்சிறகு, அதில் சிறுநீரக வடிவில் ஒரு கறை, நுனிக்கருகே மேல்விளிம்பில் சின்னக் கரும்புள்ளி. மிச்சம் பின்சிறகுதான். அது ஆரஞ்சு கலந்த மஞ்சளாய், ஓரத்தில் கறுப்புப் பட்டையோடு இருக்க வேண்டும். நடுவில் நகக்கீற்று போல ஒரு கறுப்பு வளைவு இருந்தால் அதே ஜாதியில் சின்னது, இல்லாவிட்டால் பெரியது. உட்கார்ந்திருக்கும்போதோ முன்சிறகு எல்லாவற்றையும் மூடிவிடும். பத்து நிமிடம் குளிரவைத்து, பெயின்ட் பிரஷ்ஷால் மெல்ல விலக்கிப் பார்த்துவிட்டால் அண்ணன் வாயை அடைத்துவிடலாம்.

எங்கள் ஃப்ரிட்ஜில் எப்போதும் ஏழெட்டுத் தயிர் டப்பாக்கள் இருக்கும்; ஒன்றில்கூடத் தயிர் இருக்காது. எதில் ரசம், எதில் இஞ்சிபூண்டு விழுது என்பதை வைத்த இடத்தைக் கொண்டு அம்மா மட்டும் அறிவாள். சட்னி டப்பாவைப் பின்னால் தள்ளி, என்னுடையதை அதன் இடத்தில் வைத்தேன். பிரஷ் தேடப் போனவள் வேறெதையோ படிக்க உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வருடம் நோன்பு கோடையில் வந்திருந்தது. அன்று பக்கத்து பில்டிங் ஆன்ட்டி வீட்டில் நோன்பு திறக்க, ஆளுக்கொரு பண்டம் கொண்டுபோகும் பாட்லக். நாங்கள் குடிவந்து ஒரு மாதம்தான், முதல் அழைப்பு. முதல் ஈடு வடை எண்ணெய் குடித்துவிட்டது என்று அம்மா மறுபடி அரைத்துச் சுட்டாள். "போனமா, நல்ல பேர் எடுத்தமான்னு இருக்கணும்" என்று வழியெல்லாம் எங்களிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பாங்கு சொல்ல இரண்டு நிமிடம் இருக்கும்போது ஆன்ட்டி சட்னி டப்பாவைத் திறந்தார்.

"என்னம்மா இது, சட்னில பிரிஞ்சி இலை எல்லாம் போடுவீங்களா?"

அறையின் சூட்டில் அந்த இலை ஒருமுறை நடுங்கியது. பிறகு பறந்தது.

"பூச்சி! கஞ்சிய மூடுங்க, கஞ்சிய மூடுங்க!" என்று ஓர் அங்கிள் கத்தினார். பேரீச்சம்பழமும் கையுமாய் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நான் மட்டும் அண்ணாந்து நின்றேன். விளக்கைச் சுற்றும்போதெல்லாம் மஞ்சள், கறுப்பு ஓரம், மறுபடி மஞ்சள். நடுவில் வளைவு உண்டா என்று பார்ப்பதற்குள் யாரோ பால்கனிக் கதவைத் திறந்தார்கள். போய்விட்டது.

"எப்படிங்க உள்ள போச்சு?" என்றார் ஆன்ட்டி.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சாரிக்கா, நான்தான் பாக்காம எடுத்துட்டு வந்துட்டேன். எங்க வீட்ல பூச்சி கொஞ்சம் ஜாஸ்தி."

ஆன்ட்டி பரவாயில்லை என்றார். அதன்பின் எங்கள் வடையை யாரும் தொடவில்லை.

எனக்குக் கோபமான கோபம். கண்டுபிடித்தது நான், என் பெயரை அம்மா சொல்லவே இல்லையே! திரும்பும் வழியில் அவளை விட்டு விலகியே நடந்தேன். அம்மா வடைத் தட்டைச் சுமந்துகொண்டு முன்னால் போனாள். அண்ணன்தான் மெதுவாகக் கேட்டான்: "சோ, வாஸ் இட் யெல்லோ?"

அந்தப் பூச்சி கடல் தாண்டி வந்து இங்கேயும் பரவிவிட்டது என்று அடுத்த வாரமே நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் பூச்சி ஜாஸ்தி என்று அம்மா சொன்னது பொய் என்றும், அது யாருக்காக என்றும் தெரிந்துகொள்ள வெகுகாலம் பிடித்தது.

இந்த ஜூனில் காலேஜிலிருந்து வீட்டுக்குப் போகிறேன். மாடிப்படி விளக்கடியில் ஒன்றாவது கிடைக்கும். இந்த முறை கண்ணாடிப் பாட்டில், அதன்மேல் என் பெயர். வளைவு உண்டா என்று பார்த்துவிட்டு, அப்படியே பக்கத்து பில்டிங்குக்கு எடுத்துப் போய் ஆன்ட்டியிடம் விஷயத்தைச் சொல்லப்போகிறேன். கூட எடுத்துப் போக வடை சுட்டுத் தருவதாக அம்மா சொல்லியிருக்கிறாள். சட்னியை நான் எடுத்து வைக்கிறேன் என்றேன். அதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.