இன்னும் ஒரு இழுப்பு

பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு என் மகள் தன் கைப்பேசியை என் மடியில் போட்டுவிட்டுக் காருக்கு அடியில் நுழைந்தாள். திரையில் பார்த்த அந்த நேரம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

அறுபது வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம். தரைக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே ஒரு சாண்தான் இடைவெளி. குரங்கணிக்கு மேலே யாரோ பங்களாவை விற்றபோது, அங்கே கிடந்த இந்தக் காரை வாங்கித் தாருங்கள் என்று நின்றாள். பொறியியல் படித்து, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண். கேட்டால் மறுக்க எனக்குத் தெரியாது. ஏழு மாதமாக எங்கள் ஏலக்காய்த் தோட்டத்துக் களத்தில் அதைப் பிரித்துப் போட்டிருந்தாள். விளக்கை மாற்றினாள், ரேடியேட்டருக்கு மின்விசிறி வைத்தாள், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டாள்.

கை பிரேக்கை மட்டும் மாற்ற மாட்டேன் என்றாள். மற்ற வண்டிகளில் இழுத்தால் பிடிக்கும். நுனியிலுள்ள பொத்தானை அமுக்கினால் விடும். இதில் எல்லாம் தலைகீழ். இழுத்துப் பொத்தானை அமுக்கினால்தான் பிடிக்கும். பிடித்ததை மறுபடி இழுத்தால் விட்டுவிடும்.

“எல்லாத்தையும் மாத்துறவ இதையும் மாத்தேன் ஆத்தா. ஜீப்பு பிரேக்கு ஒண்ணு கொண்டாரச் சொல்றேன்” என்றேன்.

“இந்தக் காருக்கு இதுதாம்ப்பா அழகு.”

அழகாம்!

அன்று பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும். அவள் அடியில் படுத்துத் திருகைத் திறக்க, நான் இருக்கையில் உட்கார்ந்து மிதிக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. களம் சரிவு. காரின் மூக்கு காப்பிச் செடிகளைப் பார்த்து நின்றது.

“சக்கரத்துக்குக் கல்லு வச்சியா?”

“கை பிரேக்கு போட்டிருக்கேன்ல. பயப்படாம மிதிங்க.”

பயப்படாமல் இருப்பது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. இரண்டு முறை மிதித்தேன். அடியிலிருந்து அவள் இருமினாள். எதற்கும் இருக்கட்டும் என்று கை பிரேக்கை இன்னும் ஒரு இழுப்பு இழுத்தேன்.

கைப்பிடி துள்ளிக் கீழே விழுந்தது. கார் நகர்ந்தது. காலடியில் பிரேக் சேற்றை மிதிப்பதுபோல் அமுங்கியதே தவிர நிறுத்தவில்லை. களத்தின் ஓரத்து வாய்க்காலில் முன்சக்கரங்கள் விழுந்ததும் கார் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. நான் குதித்து ஓடிப் பார்த்தேன். பின்சக்கரம் அவள் முழங்காலுக்கு ஒரு கை தள்ளி நின்றிருந்தது. காரின் விளிம்பு அவள் தோளை மண்ணோடு அழுத்தியிருந்தது.

“அப்பா, ஆட்டாதீங்க. மூச்சு வருது.”

கொட்டகையில் கிடந்த ஜீப் ஜாக்கியை எடுத்துவந்தேன். அடியில் நுழையவில்லை, கார் அவ்வளவு தாழ்ந்துவிட்டது. மண்வெட்டியால் பள்ளம் பறிக்கப் போனேன். கார் முனகியது, நிறுத்திவிட்டேன். பக்கத்தில் ஆளில்லை. காய் பறிக்கும் பெண்களோடு ஜீப் மேலே போயிருந்தது. ஓட்டுநருக்குப் போன் அடித்தேன், மணியே போகவில்லை. பாதையில் நின்று கத்தினேன். திரும்பி வந்து அவள் கையைப் பிடித்தேன். மறுபடி ஓடினேன்.

“இங்கேயே இருங்கப்பா” என்றாள். அப்போதுதான் அவள் குரல் நடுங்கியது. மண்ணில் குப்புறப் படுத்து, அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டே கத்தினேன்.

நாலு மணி வாக்கில் ஜீப் வந்தது. நின்றும் நிற்காமலும் ஒன்பது பெண்கள் குதித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சேலையை இடுப்பில் செருகி, காரின் ஒரு பக்கத்தை வரிசையாகப் பிடித்தார்கள். “தூக்கும்மா, ஏய்!” கார் எழுந்தது. ஓட்டுநர் அவளை இடுப்போடு பிடித்து வெளியே இழுத்தார். தோளில் தோல் உரிந்திருந்தது. கையைத் தூக்கிக் காட்டினாள், எலும்புக்கு ஒன்றுமில்லை.

கூட்டத்தில் மூத்தவர் கையிலிருந்த கிரீஸைச் செடியில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“புள்ள காரு ரிப்பேரு பாக்குதுன்னு சொன்னாக. சரி. நீங்க அங்க என்ன சோலி பாத்தீக?”