சீசன் முடிந்த பிறகு

வெளிநாட்டுப் பள்ளிகளில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்கு நல்ல காலம் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. அங்கே பல பள்ளிகள் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ திறக்கின்றன. ஆட்களை அதற்கு அரை வருடம் முன்பே பிடித்து வைத்துவிடுகிறார்கள். இதை எனக்குச் சொன்னவள் மிஸ். சொன்னபோது அவள் கீழுதட்டில் நான் ஐஸ் கட்டியை அழுத்திக்கொண்டிருந்தேன். அது பிப்ரவரி மாதம்.

நான் அந்த வீட்டுக்குப் போனது அவளுக்காக அல்ல, அவள் மாமனாருக்காக. பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து, பேச்சும் போன மனிதர். அவரைக் கழுவ, ஊட்ட, படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்கவைக்க என்னை வேலைக்கு வைத்திருந்தார்கள். பின்னறையில் சக்கரம் வைத்த ஆஸ்பத்திரிக் கட்டில், ஒரு ஜன்னல், ஒரு தள்ளுமேஜை. மகன் அந்த அறைக்குள் கால் வைக்கமாட்டான். நாற்றம் ஆகாது. வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பா எப்படி இருக்காரு நர்ஸம்மா?" என்பான். "இருக்காரு" என்பேன். போய்விடுவான்.

மகன் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர். மிஸ் அதே பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். மாஸ்டர் என்றால் பிள்ளைகள் உயிரை விடுவார்கள். பெற்றோர்கள் எழுந்து நின்று கும்பிடுவார்கள். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். வீட்டிலும் கழற்றமாட்டான், அடிப்பதற்கு முன்னால் தவிர. அப்போது மட்டும் கழற்றிக் கூடத்து ஆணியில் மாட்டுவான். அந்த விசில் சுவரில் மோதி ஆடும் சத்தம் பின்னறை வரை கேட்கும். பெரியவர் தன் நல்ல கண்ணையும் மூடிக்கொள்வார்.

உடம்பைத் துடைத்துவிடுகிற வேலை செய்பவளுக்குக் காயம் எங்கே இருக்கிறது என்பது தானாகக் கண்ணில் படும். மிஸ்ஸுக்கு மற்ற மாதங்களில் அடி முதுகிலும் தொடையிலும். சேலை மறைத்துவிடும். ஜனவரி பிறந்தால் முகத்துக்கு வந்துவிடுவான்.

"ஏம்மா, உன் புருஷன் காலண்டர் பாத்து அடிக்கறானா?" என்று கேட்டேன்.

"ஆமா பெரியம்மா" என்றாள். நான் விளையாட்டாகக் கேட்டதற்கு அவள் நிஜமாகவே பதில் சொன்னாள்.

வெளிநாட்டுப் பள்ளிக்காரர்கள் கம்ப்யூட்டர் வழியாக முகம் பார்த்துத்தான் பேசுகிறார்கள். கிழிந்த உதட்டோடும் மூடிய கண்ணோடும் போய் உட்கார்ந்து, பிள்ளைகளை என்னிடம் விடுங்கள் என்று யார் கேட்பது? டீச்சர்கள் அறையில் எந்த மாதம் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். மாஸ்டர் அதைக் கேட்டு வைத்துக்கொண்டான். அவனுக்கு எல்லாமே சீசன்தான். கால்பந்துக்கு ஒன்று, ஓட்டத்துக்கு ஒன்று. சீசனில் கண் இமைக்காமல் உழைப்பான். முடிந்ததும் கால் நீட்டிப் படுத்துவிடுவான். பெண்டாட்டியைக் காவல் காப்பதையும் அப்படித்தான் வைத்திருந்தான்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, உதட்டுக் காயம் ஆறியிருந்த நேரம், அவள் கூடத்தில் ஒரு நல்ல சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் ஒரு பள்ளியோடு பேச வேண்டும். அதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

"எங்கடி கிளம்பற?" என்ற குரல் கேட்டது.

"எங்கயும் இல்ல. மடிச்சு வைக்கறதுக்கு."

"மடிச்சு வைக்கறதுக்கு எவடி காலருக்குக் கஞ்சி போடுவா?"

விசில் ஆணிக்குப் போனது. நான் பெரியவரைப் பாதி திருப்பியிருந்தேன். அப்படியே விட்டால் கட்டிலிலிருந்து விழுந்துவிடுவார். அவரை நேராக்கி, தடுப்புக் கம்பியை ஏற்றிவிட்டு நான் வெளியே வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அவள் தலைமுடியைப் பிடித்து வாயை மேஜை விளிம்பில் மோதியிருந்தான். ஒரு முறை அல்ல. இஸ்திரிப் பெட்டி தரையில் கிடந்து பாயைக் கருக்கிக்கொண்டிருந்தது. முதலில் அதை நிமிர்த்தி வைத்தேன்.

"நர்ஸம்மா, நீங்க உள்ள போய் உங்க வேலையப் பாருங்க."

"என் வேலை இங்கதான் ரத்தம் துப்பிக்கிட்டுக் கிடக்கு. தள்ளு."

அவன் சிரித்தான். "நல்லா பேசறீங்க" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனான்.

முன்பல்லைத் தேடி எடுத்துப் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு போனோம். ஒட்டவில்லை. உதட்டுக்குள் தையல். எப்படி விழுந்தீர்கள் என்று பல் டாக்டர் கேட்டதற்குப் படியில் என்றாள். அந்த வீட்டில் படியே கிடையாது.

"போலீசுக்குப் போவமா?"

"போன வருஷமே போனேன் பெரியம்மா. இன்ஸ்பெக்டரோட பையன் இவர்கிட்டதான் ஓட்டம் பழகறான். எனக்கு டீ வாங்கிக் குடுத்துத் திருப்பி அனுப்பிட்டாங்க."

"அப்ப என்ன செய்யப்போற?"

"அடுத்த ஜனவரி வரட்டும்."

"அடுத்த ஜனவரிக்கு அடுத்த பல்லா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்ததும் நின்றுவிட்டது.

எப்படியாவது போய்விட வேண்டும் என்று அவள் அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. அடுத்த முறை எலும்பு, அதற்கடுத்த முறை உயிர் என்பது எனக்குத் தெரிந்த கணக்கு. அவளுக்கும் தெரிந்திருந்தது. அவளுடைய பாஸ்போர்ட் பெரியவரின் காற்று மெத்தைக்கு அடியில் இருந்தது. அவரைத் தூக்கிப் புரட்ட எங்கள் இருவரைத் தவிர அந்த வீட்டில் யாரும் கிடையாது.

டிசம்பரில் அவளுடைய பழைய தோழி ஒருத்தி வெளிநாட்டிலிருந்து போன் செய்தாள். அவள் வேலை பார்க்கும் பள்ளியில் ஒரு டீச்சர், ஆண்டு இறுதி விடுமுறைக்குப் போனவர், இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். "ஹெட்மிஸ்ட்ரஸ் தலையில கைய வச்சுட்டு உக்காந்திருக்காங்கடி. இந்த நேரத்துல யாரும் கிடைக்கமாட்டாங்க. நீ பேசறியா?"

மாஸ்டர் அப்போது கால் நீட்டியிருந்தான். அந்த மாதத்து அடி முதுகோடு போயிருந்தது. முகம் சுத்தமாக இருந்தது. கட்டுப்பல்லும் நன்றாகப் பொருந்தியிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அவன் பள்ளிப் பிள்ளைகளைப் பக்கத்து ஊர் மேட்சுக்குக் கூட்டிப்போனான். அவன் வராத ஒரே இடம் பின்னறை. ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி அவளை உட்காரவைத்தேன். முதுகுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர். தள்ளுமேஜையை ஜன்னலோரம் நகர்த்தி அதன்மேல் கம்ப்யூட்டரை வைத்தாள். மூத்திரப் பையைக் கண்ணில் படாத பக்கம் மாட்டினேன். பெரியவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையில் ஒரு நடுவயதுப் பெண் வந்தாள். பேச ஆரம்பித்துச் சிறிது நேரத்தில் மழை கொட்டியது. மழையில் மேட்ச் நின்றுபோகும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

வாசற்கதவு திறந்தது. ஷூ கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. மூடிய கதவுக்கு இந்தப்பக்கம் இங்கிலீஷ் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, கூடத்தில் விசில் சுவரில் மோதியது.

மிஸ்ஸின் முகம் வெளுத்தது, வாய் நிற்கவில்லை. நான் கட்டிலின் சக்கரப் பூட்டுகளைக் காலால் தட்டி எடுத்தேன். பெரியவரோடு சேர்த்துக் கட்டிலைக் கதவுக்குத் தள்ளி மறுபடி பூட்டினேன்.

கதவில் முதல் இடி விழுந்தது. கட்டில் அதிர்ந்தது.

"தொறடி! யார்கிட்டடி பேசற? நர்ஸம்மா, கதவத் தொறங்க!"

"அப்பா கதவுமேல இருக்காரு. இடிச்சா அவருக்குத்தான் விழும்."

இடித்தான். தோளால், பிறகு காலால். ஒவ்வொன்றுக்கும் பெரியவரின் தலை தலையணையில் துள்ளியது. அவர் தன் நல்ல கையை நீட்டித் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டார். பிடிமானத்துக்கா, வேறெதற்காவதா என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் அவரால் சொல்லியிருக்க முடியாது.

அது என்ன சத்தம் என்று திரையில் இருந்தவள் கேட்டாள். பக்கத்தில் இடிக்கிறார்கள் என்று மிஸ் இங்கிலீஷில் சொன்னாள். பொய் இல்லை.

இடி நின்றது. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. ஜன்னலுக்குப் போனேன். வெளியே மழையில் நனைந்துகொண்டு கையில் கிரிக்கெட் ஸ்டம்போடு வந்தான். ஒரே அடியில் கண்ணாடி உள்ளே கொட்டியது. ஸ்டம்பைப் போட்டுவிட்டுக் கம்பிகளுக்கு நடுவே கையை நுழைத்துக் கம்ப்யூட்டரைப் பிடிக்கப் பார்த்தான். விரல் மேஜையைத் தொட்டுவிட்டது. நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

நான்தான் இழுத்து அறுத்தேன் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டு திரிந்தான். நான் பிடித்தேன், அவ்வளவுதான். வெடுக்கென்று பின்னால் இழுத்தது அவன். கீழ்ச்சட்டத்தில் ஒரு கண்ணாடித் துண்டு நட்டுக்கொண்டு நின்றது. முன்கை மணிக்கட்டு வரை திறந்துகொண்டது. ரத்தம் வடியவில்லை, துள்ளித் துள்ளிப் பீச்சியது. சுவரில், என் மூக்குக்கண்ணாடியில், பெரியவரைத் துடைக்கும் துண்டுகளில்.

அந்தத் துண்டுகளில் ஒன்றையே மடித்து வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினேன்.

"விடு, கிழவி" என்றான்.

"விடறேன். விட்டா நீ ஆஸ்பத்திரி போற வரைக்கும் தாங்கமாட்ட. விடட்டுமா?"

அவன் தன் ரத்தத்தைப் பார்த்தான். அடுத்தவர் ரத்தம் அவனுக்குப் பழக்கம், சொந்த ரத்தம் புதிது. அப்படியே மழைச்சேற்றில் உட்கார்ந்தான். கை மட்டும் கம்பிக்கு இந்தப்பக்கம் என்னிடம் இருந்தது.

"கைய மேல தூக்கி வை. வாயத் தொறக்காத. பேசினா ரத்தம் வேகமா போகும்." கடைசியில் சொன்னது மருத்துவம் அல்ல. அவனுக்கு அது தெரியவில்லை.

கேமராவுக்கு மிஸ்ஸும் வெள்ளைச் சுவரும் மட்டுமே தெரிந்தன. அவள் கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்திருந்தது. தலைமுடியை ஒதுக்குவதுபோல் துடைத்துக்கொண்டாள். எப்போது வந்து சேர முடியும் என்று அந்தப் பெண் கேட்டாள். எனக்கு இங்கிலீஷ் ஆஸ்பத்திரி அளவுக்குத்தான் வரும், இது புரிந்தது. நோட்டீஸ் கொடுக்க வேண்டும், பள்ளி வருடம் முடிய வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்களாம்.

"விசா கைக்கு வந்த அன்றே கிளம்புகிறேன்" என்றாள் மிஸ்.

திரையில் இருந்தவள் சிரித்து, நன்றி சொல்லி, வேலை உனக்குத்தான் என்றாள். மிஸ் கம்ப்யூட்டரை மூடிவிட்டு ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். பிறகு பெரியவரின் மெத்தைக்கு அடியில் கைவிட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்தாள். விசா வரும்வரை ஒரு பெண்கள் விடுதியில் இருந்தாள். அந்த வீட்டில் மறுபடி கால் வைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவன் மழையில் வழுக்கி ஜன்னலில் விழுந்தேன் என்றான். இன்ஸ்பெக்டர் வந்து, பார்த்து, டீ குடித்துவிட்டுப் போனார். தையல் ஆறியது. விரல்களுக்குப் போகும் நரம்பு மட்டும் சேரவில்லை. அந்தக் கையால் ஒரு டம்ளரைக்கூட அவனால் இறுக்கிப் பிடிக்க முடியாமல் போனது.

பெரியவர் இருந்ததால் நானும் அங்கேயே இருந்தேன். வேலை வேலைதான். காலையில் மாஸ்டர் பின்னறைக்கே வந்து நிற்பான், சட்டையைத் திறந்துபோட்டுக்கொண்டு. நாற்றத்தைப் பற்றி இப்போதெல்லாம் பேசுவதில்லை. நான் பொத்தான் போட்டுவிடுவேன்.

ஜனவரி பாதியில் ஒருநாள், மிஸ் விமானம் ஏறிய மறுநாள், அவன் கேட்டான்.

"எனக்கு ஒண்ணுதான் நர்ஸம்மா புரியல. இப்பதான் சீசனே ஆரம்பிக்குது. டிசம்பர்ல எவன் ஆள் எடுப்பான்?"

கழுத்துப் பொத்தானைப் போட்டேன். விசிலை மாட்டிவிட்டேன். பெரியவரைத் திருப்பும் நேரமாகிவிட்டது.

"தள்ளு" என்றேன்.