ஈரத்துக்குக் கழிக்காத நிறை

தேயிலைத் தோட்டத்துக் கரப்பந்து அணியைப் பழக்குவதும் தொழிற்சங்கம் நடத்துவதும் ஒன்றுதான்: தொண்டை கிழியக் கத்துவது நாம், பெயர் வாங்குவது டவுனிலிருந்து வருகிறவர்கள். என்னைப்போல் அணி பழக்கி அவதிப்படுகிறவர்களுக்கு இது விளங்கும். சங்கத்தில் எனக்கு நாற்காலி இல்லை என்றான பிறகு, டயகமப் பக்கத்து எங்கள் தோட்டத்துப் பெண்பிள்ளைகளை நான்தான் பழக்குகிறேன்.

ஓய்வு

போன வருஷம் கடைசி ஆட்டம் முடிந்ததும், நுவரெலியாவிலிருந்து வந்த விளையாட்டு அதிகாரி பேசினார். மழை முடியும்வரை போட்டி இல்லை, உடம்பு ஆற வேண்டும், பாரம் தூக்காமல் நன்றாகத் தூங்குங்கள் என்றார். சரியான பேச்சுதான். ஆனால் எங்கள் செவ்வந்தி நாள் முழுக்க முதுகில் பாரம் சுமந்து கொழுந்து பறிக்கிறவள். மாவட்ட அணியில் ஒரு தடவையாவது ஆடிவிட வேண்டும் என்ற பிடிவாதக்காரி. கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்:

"அப்ப நாளைக்கு காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்கு வரமாட்டேன்னு தோட்டத்து துரைகிட்ட நீங்களே சொல்லிருங்க சார்."

மடுவத்துத் தராசு

மழை விட்டதும் மறுபடி கூடினோம். ஓய்வு யார் உடம்பை என்ன செய்திருக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை. மடுவக் கொட்டகையில் கொழுந்து நிறுக்கும் தராசைக் கணக்கப்பிள்ளையிடம் கேட்டு வாங்கி, கொக்கியில் சாக்கைக் கட்டி, ஒவ்வொருத்தியாக உட்காரவைத்தேன். கொழும்பில் துணிக்கடை வேலைக்குப் போய்வந்த ராணிக்குப் போன வருஷம் எழுதிவைத்த நிறை அப்படியே இருந்தது. சந்தோஷப்பட்டேன். ஓடவிட்டால், பாதி மைதானத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கையைத் தொட்டுப் பார்த்தேன், பஞ்சு. சதை இருந்த இடத்தில் கொழுப்பு குடியேறியிருக்கிறது. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கொழுந்தில் ஈரம் என்று சொல்லித் தோட்ட நிர்வாகம் கிலோ கழிப்பதை எதிர்த்து நான் ரோட்டில் உட்கார்ந்த கதை ராணிக்குத் தெரியும். "நிறை அதேதானேடி, மூச்சு எங்க போச்சு?" என்று கேட்டேன்.

"ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிங்க தலைவியம்மா. மிச்சந்தான் ராணி."

ஊக்கு

பிறகு பயிற்சி. காலையில் மலைப்பாதையில் ஓட்டம், அந்தியில் குந்தி எழும்பிக் குதித்தல். ரொட்டியோடு பருப்பும் முட்டையும் சேர்க்கச் சொல்லி வீடு வீடாகச் சண்டை பிடித்தேன். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க அதே அதிகாரி வந்த அன்று மறுபடி நிறுத்தோம். ராணிக்குக் குறைந்திருந்தது. செவ்வந்திக்குக் கூடியிருந்தது. "கொழுத்துட்டா. இந்தத் தடவை இருக்கட்டும்" என்று அதிகாரி அடுத்தவளைக் கூப்பிட்டார். செவ்வந்தி முகம் செத்துப்போனது.

நான் விடவில்லை. போன வருஷ உடுப்பைப் போட்டுவரச் சொன்னேன். ஜேர்சி தோளில் தெறிக்கப் பார்த்தது. காற்சட்டை இடுப்பில் நிற்காமல் ஊக்குக் குத்தியிருந்தாள். கொழுத்தவளுக்கு இடுப்பு எப்படிச் சிறுக்கும், கூடியது கொழுப்பா சதையா என்று கேட்டேன். அவர் வலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டார். செவ்வந்தி எழும்பி அடித்த பந்து எல்லைக்குள் குத்தி எகிறித் தேயிலைக்குள் விழுந்தது. அட்டை கடிக்கக் கடிக்க அதைத் தேடி எடுத்துவந்தவரும் அவர்தான்.

"பேரை எழுதிட்டேன் அம்மா. அந்தத் தராச மட்டும் கணக்கப்பிள்ளைகிட்ட திருப்பிக் குடுத்துருங்க."

தோட்டத்துத் தராசு பொய் சொல்லும் என்று ஆயுசு முழுக்கக் கூட்டம் போட்டுப் பேசிய எனக்கு, அது உண்மையைச் சொன்னாலும் பாதியைத்தான் சொல்லும் என்று காட்ட ஒரு கரப்பந்து அணி தேவைப்பட்டிருக்கிறது.