சுட்டவர் நடக்க வேண்டும்

"துப்பாக்கிய எல்லாம் இறக்கி வைங்க. கிளம்புங்க, நடக்கணும்" என்று சொல்லிவிட்டு ஆர்டிஸ் ஹாஃப் முன்னால் நடக்கிறார். அறுபத்து மூன்று வயது. அண்ணன் போட்டுக் கழித்த தொப்பி, தோளில் ஒரு சின்னத் துப்பாக்கி. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், அவருடைய மேய்ச்சல் நிலத்துக்குப் பிரெய்ரி நாய் சுட வருகிறவர்கள் எல்லோருக்கும் இதுதான் சட்டம். சுட்டு முடித்ததும் ஒவ்வொரு வளையாக நடந்து போய்ப் பார்த்து, உயிர் ஊசலாடுவதை வலி தீர முடித்துவிட வேண்டும்.

நாய் என்று பெயர்தானே தவிர, அது வளை தோண்டி வாழும் அணில் இனம். ஆர்டிஸுக்கு அதன்மேல் பாசமெல்லாம் கிடையாது. மாட்டுக்கு வேண்டிய புல்லை மொட்டையடித்துவிடும். போன வருடம் அவருடைய செல்லக் குதிரை வளையில் கால் விட்டு முறித்துக்கொண்டது. ஆனாலும் விஷம் வைக்க மாட்டார். "அதே வளையில ஆந்தையும் குடியிருக்குது. அது எனக்கு என்ன கெடுதல் பண்ணிச்சு?" குட்டிகள் வெளியே வரும் மே மாதம் முழுக்க வாயிற்கதவுக்குப் பூட்டு. "பால் குடுக்கறவள சுடறதுக்குப் பேரு விளையாட்டா?"

அடிபட்ட ஒன்று குற்றுயிராகக் கிடக்கிறது என்று தெரிந்தால், பாவம், அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

விஸ்கான்சினிலிருந்து பத்து வருடமாகச் சுட வரும் வெண்டல் இன்று மசிவதாக இல்லை.

"நானூறு கெஜம், ஆர்டிஸ்! முட்டி வலி வேற. செத்தது செத்துப்போச்சு. அங்க போய் என்ன பண்ணப் போறோம்?"

"செத்துச்சா இல்லையான்னு இங்கேருந்தே தெரியுதாக்கும்! பெரிய கண்ணுதான் உங்களுக்கு. வாங்கய்யா."

முனகிக்கொண்டே வந்தார். மூன்று வளைகளில் ஒரே அடியில் செத்துக் கிடந்தன, குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்காவதில் உடலைக் காணோம். மண்ணில் ரத்தம், உள்ளே இழுத்துக்கொண்டு போன தடம். ஆர்டிஸ் மண்டியிட்டுக் காதை வைத்தார். உள்ளே மெலிதாக ஒரு கீச்சொலி.

வெண்டலின் முகம் செத்துவிட்டது. "நல்லாப் பட்டுச்சுன்னுதான் நெனச்சேன்..."

ஆர்டிஸ் திட்டவில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டார். அதைப் போட்டுக்கொண்டு துழாவினால் மண் எது, ரோமம் எது என்று தெரியாது. குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டார்.

"வேணாம் ஆர்டிஸ்! உள்ள பாம்பு கெடக்கும்."

"கெடக்கும். அதுக்காக?"

தோள் வரைக்கும் விட்டும் எட்டவில்லை. நெற்றியை மண்ணில் வைத்து இன்னும் அழுத்தினார்.

"தள்ளுங்க. என் கை நீளம்" என்றபடி வெண்டல் முட்டியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு படுத்தார்.

ஆர்டிஸ் நகர்ந்து இடம் கொடுத்தார். வெண்டலின் கை வளைக்குள் போனதும், பாம்பு இருந்தால் சட்டென்று வெளியே இழுக்க அவருடைய சட்டை முதுகை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.